மேல்பல் தெரியச் சிரித்த ஆடு: சிறுவர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை வைத்து நான் எழுதத் தொடங்கிய சிறுவர் நாவலின் முதல் அத்தியாயத்தை அக்கா மகனுக்குப் படித்துக் காட்டினேன். அதில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய் மேல்பல் தெரியச் சிரிக்கும். பையன் நிறுத்தச் சொன்னான்.

"மாமா, ஆட்டுக்கு ஏது மேல்பல்லு?"

அந்த ஆடு பேசியது, பாட்டுப் பாடியது. அதையெல்லாம் அவன் கேட்கவே இல்லை. அவன் சொன்னது சரிதான். ஆடு, மாடு, எருமை எதற்கும் மேல்தாடையின் முன்பக்கம் பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். ஆடு கீழ்ப்பல்லை அதில் அழுத்தித் தழையைக் கடிக்கும். மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுக்கும். பேசுகிற ஆட்டை நம்பத் தயாராக இருக்கிற பிள்ளை, உடம்பு தப்பாக இருக்கிற ஆட்டை நம்பாது.

பெரும்பாலான தவறுகள் இதே வகைதான். மனிதரை எழுதிவிட்டு மேலே தோலைப் போர்த்திவிடுகிறோம். பசு சாது, கழுதை முட்டாள், சேவல் தற்பெருமைக்காரன் என்று ஆளுக்கொரு சீட்டு ஒட்டினால் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. பட்டியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். செம்மறி தலையைக் குனிந்து முன்னால் போவதன் பின்னாலேயே மேயும். வெள்ளாடு வேலியில் முன்னங்காலை ஊன்றி எட்டாத கொழுந்துக்குத்தான் போகும். இரண்டையும் ஒரே காட்டில் மேயவிட்டால் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

நள்ளிரவில் கோழி துப்பறியக் கிளம்புகிற மாதிரியும் எழுதாதீர்கள். அதற்கு இருட்டில் பார்வை மட்டு, பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடும். ராத்திரி நடந்ததைக் காலையில் பூனையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பூனை பொய் சொன்னால்? கதை அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் காங்கேயம் கன்று. பலர் பிறந்த அன்றே அதை வெள்ளையாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது செம்பழுப்பாகப் பிறந்து, சுமார் ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறும். தொட்டித் தண்ணீரில் தன்னைப் பார்த்து 'என் நிறத்தை எவன் எடுத்தான்?' என்று தேடுகிற கன்றை நாமாகக் கற்பனை செய்யக்கூட வேண்டாம், அது கட்டுத்தரையிலேயே நிற்கிறது.

நாள்கணக்கிலும் கவனம் வேண்டும். அடை வைத்த கோழிமுட்டை 21 நாளில் பொரியும், வெள்ளாட்டுக்குச் சினை ஐந்து மாதம், பசுவுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல். கோடை விடுமுறைக்குள் முடிகிற கதையில் கோழி தாராளமாகத் தாயாகலாம். பசு ஏற்கெனவே நிறைசினையாக இருந்தால்தான் உண்டு.

அப்புறம் இடம். சிவப்புக் கூரை, வெள்ளை மரவேலி, பனி என்று எழுதினால் அது யார் ஊரோ. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கேரளம் என்றாலே ஓயாத மழை, தோணி, ரப்பர். கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. மழை குறைவு, கரிசல் மண், பனைமரம், நிலக்கடலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் சோளத்தட்டுப் போர் சரியும், கோழிக்குஞ்சைக் கவிழ்த்து மூடுகிற கொடாப்புக் கூடை உருண்டோடும், உள்ளே இருந்த குஞ்சு வெளியே நிற்கும். காற்றையே ஒரு பாத்திரமாக்கலாம்.

பேச்சும் அந்த மண்ணுடையதாக இருக்கட்டும். வீட்டில் தமிழ், பால் சொசைட்டியில் மலையாளம் என்று வாழ்கிற ஊரில் எல்லாரும் பாடநூல் தமிழ் பேசினால் எப்படி? மலையாளத்தில் கூப்பிட்டுப் பழகிய மாடு புது வீட்டுத் தமிழுக்குத் திரும்பாமல் நிற்கட்டுமே.

கடைசியாக ஒன்று, எனக்கே இன்னும் பிடிபடாதது. பண்ணை விலங்கு விற்கப்படும், வெட்டப்படும். இதை மறைத்து எழுதுவதும் தவறுதான். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஏறுவதையும், நேர்ந்துவிட்ட கிடாய்க்கு மாலை விழுவதையும் பார்த்த பிள்ளைகள்தான் படிக்கப் போகிறார்கள். மேல்பல்லை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: "அந்தக் கிடாயை வித்துருவாங்களா மாமா?"

ஏழாம் அத்தியாயம் வரட்டும் என்றேன். இப்போது ஆறாவதில் இருக்கிறேன்.