தேடலுக்கு முன் நகர்வுகளை எண்ணிப் பாருங்கள்

சதுரங்க நிரல் எழுதத் தொடங்குவோர் பலர் நேரே அல்பா-பீட்டா தேடலுக்கு (பயனற்ற கிளைகளை ஆராயாமல் தவிர்த்துச் சிறந்த நகர்வைத் தேடும் முறை) தாவிவிட்டு, கணினி அபத்தமாக ஆடும்போது மதிப்பீட்டுச் சார்பை (ஒரு நிலை யாருக்கு எவ்வளவு சாதகம் என எண்ணால் சொல்லும் பகுதி) திருத்தத் தொடங்குகிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை; நகர்வுகளை உருவாக்கும் பகுதியில்தான் இருக்கும். முதலில், ஆரம்ப நிலையிலிருந்து சாத்தியமான நகர்வு வரிசைகளை ஒவ்வோர் ஆழத்திலும் (ஒரு தரப்பின் ஒரு நகர்வு ஓர் ஆழம்) எண்ணும் பெர்ஃப்ட் சோதனையை எழுதுங்கள். விடைகள் முறையே 20, 400, 8,902, 197,281, 4,865,609 என வர வேண்டும்.

கல்லடியில் மாலை வேளைகளில் என்னிடம் பைதன் பழகும் மாணவர் ஒருவரின் நிரல் நான்காம் ஆழம் வரை சரியாக எண்ணி, ஐந்தில் பிசகியது. ‘என் பசான்’ வெட்டு (இரு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நின்ற எதிர்க் காலாளை, அது ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் வெட்டுதல்) முதன்முதலாக அந்த ஆழத்தில்தான் நிகழ்கிறது. நகர்வை மீளப்பெறும்போது, வெட்டுண்ட காலாளை அது நின்ற கட்டத்தில் வைக்காமல், வெட்டிய காலாள் போய்ச் சேர்ந்த கட்டத்தில் அவர் வைத்திருந்தார். கோட்டை கட்டுதலோ ஏழாம் ஆழத்தில்தான் தலைகாட்டும் (பைதனில் அதை எண்ணி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்). ஆகவே இரு தரப்பும் கோட்டை கட்டத்தக்க நடு ஆட்ட நிலை ஒன்றையும் சோதியுங்கள்.

எண்கள் பொருந்திய பின்னரும் சாதாரண மினிமேக்ஸை (எந்தக் கிளையையும் தவிர்க்காமல் எல்லா நகர்வுகளையும் ஆராயும் தேடல்) அழித்துவிடாதீர்கள். ஒரே ஆழத்தில் அதுவும் அல்பா-பீட்டாவும் ஒரே மதிப்பைத் தர வேண்டும். அதன்பின், நல்ல நகர்வுகள் முதலில் வந்தால் அல்பா-பீட்டா அதிகக் கிளைகளைத் தவிர்க்கும் என்பதால், சிறிய காய் பெரிய காயை வெட்டும் நகர்வுகளை முன்னே வரிசைப்படுத்துங்கள். நிலைக்கு 35 நகர்வுகள் எனக் கொண்டால், நான்காம் ஆழத்தின் 1,500,625 இறுதி முனைகள் (தேடல் முடிவடையும் நிலைகள்), மிகச் சிறந்த வரிசையில் 2,449 ஆகச் சுருங்கும்.