சின்னப் படகின் 12 வோல்ட் பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பொங்கோல், பாசிர் ரிஸ் பக்கம் கயாக்கும் சின்னப் படகும் இறக்குகிற புதியவர்களிடம் நான் அன்று செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் பார்க்கிறேன். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுப்பதையெல்லாம் தீப்பொறி ஒருமுறை பறந்தாலே விட்டுவிடுவார்கள். காசைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வடிந்த பேட்டரியை அப்படியே வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். கரை திரும்பியதும் தூண்டிலை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள், ரீலுக்கு எண்ணெய் போடுகிறார்கள். பேட்டரி மட்டும் பாதி வடிந்தபடி ஸ்டோர் ரூமுக்குப் போகிறது. கேட்டால், "அடுத்த தடவை போறதுக்கு முதல் நாள் ராத்திரி போட்டுக்கலாம்ணே."

ஈய பேட்டரி வடியும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகும். சாதாரண சார்ஜரால் அதை மீட்க முடியாது. நம் ஊர் வெக்கை இதை இன்னும் விரைவாக்கும்.

ஒரு தம்பி வருடக் கடைசி மழைக்காலம் முழுக்க ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும், மூடிய ஈய பேட்டரி) பேட்டரியைத் தொடவே இல்லை. பிறகு சார்ஜ் போட்டதும் கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிய, நிறைந்துவிட்டது என்று உபின் தீவுப் பக்கம் கிளம்பிவிட்டார். பாதி வழியில் மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் அணைந்துபோனது. கரையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 12.4 வோல்ட். படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை இணைத்ததும் கண்ணெதிரே 10க்குக் கீழே இறங்கியது. பச்சை விளக்கு சீக்கிரம் வந்தால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அவரோ கடைக்காரரைத் திட்டிவிட்டு, அதே பேட்டரியைப் புதிதாக வாங்கி, அதே ஸ்டோர் ரூமில் அதே மாதிரி வைத்தார்!

வந்த அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. அதற்குக் கீழே இறக்காதீர்கள். கடலுக்குப் போகாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இதற்கு நேர்மாறு. மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பதே நல்லது.

லித்தியத்துக்குப் பழைய ஈய சார்ஜர்

வேண்டாம். அதற்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜரை வாங்குங்கள்.

ஆம்பியர்-மணி எண்ணை அப்படியே நம்புவது

7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியின் கணக்கு பெரும்பாலும் 20 மணி நேரத்துக்கானது, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். ஒரு ஆம்பியர் இழுக்கும் கருவிக்குப் பாதிதான் பயன்படுத்தலாம் என்று வைத்தால் சுமார் மூன்று மணி நேரம். படகை மெதுவாக ஓட்டும், 30 ஆம்பியர் இழுக்கும் டிராலிங் மோட்டாரை அதில் மாட்டவே கூடாது. மலிவு என்று கார் பேட்டரியும் வாங்காதீர்கள். அதன் மெல்லிய தகடுகள் எஞ்சினைக் கிளப்பத்தான். ஆழமாக வடியவிட்டால் சீக்கிரம் போய்விடும்.

ஃபியூஸ்

பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள்.

உப்பு

டெர்மினலில் வாஸ்லின், ஒயரில் வெள்ளீயம் பூசிய செம்பு. மூடி திறக்கிற அமில பேட்டரியைப் படகில் ஏற்றாதீர்கள். உள்ளே கடல் தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும்.

அளக்காமல் வாங்குவது

மின்பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போகும்போது கையில் மீட்டர் இருக்கட்டும். புதிய ஏஜிஎம் 12.5க்குக் கீழே காட்டினால், நான் சொன்ன அதே தவறு கடை அலமாரியிலேயே நடந்திருக்கிறது. வேறொன்றைக் கேளுங்கள்.