பச்சைக் குழந்தையின் இடுப்பு மூட்டு: வயிற்றுக்குள் உருவாவதும் வீட்டில் காப்பதும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிரசவம் முடிந்த வீட்டுக்குப் போனால், குழந்தையைக் குளிப்பாட்டியதும் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கச் சுற்றுவதை இன்றும் பார்க்கிறேன். கட்டாவிட்டால் கால் கவட்டையாகிவிடும் என்று பெரியவர்களுக்குப் பயம். கிராம சுகாதாரச் செவிலியராக எல்லா வீட்டிலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் ஆறு மாதம் அந்தக் காலை மடங்கியபடி, விரிந்தபடி விட்டுவிடுங்கள். நீட்டிக் கட்டினால் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியை விட்டு விலகக்கூடும். ஏன் என்று சொல்ல, வயிற்றுக்குள்ளிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கரு தரித்து 4 வாரம் ஆகும்போது, கால் வரவேண்டிய இடத்தில் சின்ன மொட்டு போலப் புடைப்பு தோன்றும். அதற்குள் இருக்கும் ஒரே திசுக்கட்டியிலிருந்துதான் தொடை எலும்பின் தலையும், அது உட்காரும் இடுப்புக் குழியும் உருவாகின்றன. எலும்பின் தலை பந்து போல, குழி கிண்ணம் போல. பந்தைத் தனியாகவும் கிண்ணத்தைத் தனியாகவும் செய்து பிறகு பொருத்துவதில்லை. 7 வாரம் வாக்கில் இரண்டுக்கும் நடுவிலுள்ள செல்கள் மடிந்து மெல்லிய இடைவெளி விழுகிறது. 11 வாரத்தில் மூட்டு முழு வடிவத்துக்கு வந்துவிடும். அப்போது பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், கடுகளவுதான். அதற்குப் பிறகு குழந்தை உள்ளே உதைப்பதும் புரள்வதும் மூட்டுக்கு வேண்டிய வேலை. அசைவு இருந்தால்தான் குழி ஒழுங்காக உருண்டு வரும்.

பலருக்கும் தெரியாத சங்கதி இனிமேல்தான். மாதம் ஏற ஏறப் பந்து வேகமாகப் பெரிதாகும், கிண்ணம் அந்த வேகத்துக்கு ஆழமாகாது. அதனால் பிரசவ நேரத்தில்தான் குழி, பந்தின் அளவோடு பார்த்தால் மிகவும் மேலோட்டமாக இருக்கிறது. அதோடு தாயின் உடம்பில் பிரசவத்துக்காகச் சுரக்கும் ஹார்மோன்களால் குழந்தையின் மூட்டு நார்களும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிறந்த பிறகுதான் கிண்ணம் மறுபடி ஆழமாகத் தொடங்கும். பந்து நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தால் அதைச் சுற்றிக் கிண்ணம் வளரும். பந்து விலகி நின்றால் கிண்ணம் தட்டையாகிப்போகும். வயிற்றில் தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதி நம் கையில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இடுப்பு மூட்டு விலக வாய்ப்பு அதிகமுள்ள சில குழந்தைகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கடைசி மாதங்களில் தலை கீழே திரும்பாமல் பிட்டம் கீழே இருந்த குழந்தை, அதிலும் முழங்கால் நீட்டியபடி இருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்திருந்தாலும் இது பொருந்தும். அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யாருக்காவது இடுப்பு மூட்டு விலகிய வரலாறு இருந்தாலும் அப்படித்தான். பெண் குழந்தைக்கும் தலைச்சன் பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுதல். பனிக்குட நீர் குறைவு என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இடது பக்கம்தான் அதிகம் பாதிக்கப்படும். வயிற்றில் பெரும்பாலான குழந்தைகள் படுத்திருக்கும் நிலையில் இடது தொடை தாயின் முதுகெலும்புப் பக்கம் அழுந்தி, விரிய இடமில்லாமல் போகிறது.

ஐந்தாம் மாத ஸ்கேன் சீட்டைக் காட்டி, "தொடை எலும்பு அளவு சரியா இருக்குன்னு போட்டிருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. அது எலும்பின் நீளம். பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது குளியல். மனையில் உட்கார்ந்து, நீட்டிய காலில் குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும் அப்பத்தாவின் கைப்பக்குவத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மூன்றை நிறுத்தச் சொல்வேன். கணுக்காலைப் பிடித்து இழுத்து நீவுவது, இரண்டு காலையும் மாற்றிப் பின்னி அழுத்துவது, தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது. இவை மூன்றும் தளர்ந்த மூட்டை வெளியே தள்ளக்கூடியவை. தொடையை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினால் போதும்.

துணி சுற்றுவதானால் நெஞ்சுக்கும் கைக்கும் சுற்றுங்கள். இடுப்புக்குக் கீழே துணி தொளதொளவென்று இருக்க வேண்டும். சுற்றி முடித்ததும் குழந்தை முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் விரிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அவிழ்த்துவிடுங்கள். சேலைத் தொட்டில் ஒடுக்கமாக இருந்தால் தொடைகளை நெருக்கும். அதற்குத்தான் குறுக்கே தொட்டில் கம்பு. துணி அகன்று நிற்கும், காற்றும் வரும். கழுத்து நின்ற பிறகு இடுப்பில் உட்காரவைத்துத் தூக்குங்கள். கால் இரண்டு பக்கமும் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும் அந்த நிலைதான் மூட்டுக்கு உகந்தது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கரையில் பிள்ளையை இடுப்பில் வைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

கீழக்கரைப் பக்கத்தில் ஒரு அப்பத்தா என்னிடம் நேராகவே கேட்டார்: "அட போங்க நர்சம்மா, எம் புள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் கட்டுனேன். எல்லாம் நல்லாத்தான நடக்குதுக?"

"ஆமா அப்பத்தா, நெறையப் பிள்ளைகளுக்கு ஒன்னும் ஆகாது. ஆனா எந்தப் பிள்ளைக்கு மூட்டு தளர்வா இருக்குன்னு வெளியில தெரியாதுல்ல. அதுக்காகத்தான் எல்லாருக்கும் சொல்றேன்."

கால் கவட்டையாகுமே என்ற பயமும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் கால் இயல்பாகவே வளைந்துதான் இருக்கும், நடக்கத் தொடங்கிய பின் தானாக நேராகும். ஜப்பானில் 1970-களில் குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொன்ன பிறகு, இடுப்பு விலகிய குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

வீட்டில் பார்க்கக்கூடியவை இவை. பசியாறி அழாமல் இருக்கும்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போடுங்கள். இடுப்பு கோணாமல் நேராக இருக்கட்டும். இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைப் பாயில் பக்கத்துப் பக்கமாக வைத்து, உங்கள் கண்ணைக் குழந்தையின் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிந்தால் அந்தப் பக்கம் சந்தேகம். பிறகு மடங்கிய இரண்டு தொடைகளையும் மெதுவாக வெளிப்பக்கம் சாயவிடுங்கள். இரண்டும் ஒரேபோலச் சாய வேண்டும். ஒன்று பாதியில் நின்றால் அழுத்தாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை மடிப்பு மட்டும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் பதற வேண்டாம், நல்ல குழந்தைகளுக்கும் அது இருக்கும். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. நாப்கின் மாற்றும்போது இரண்டு தொடையும் விரியவே மறுத்தால் அதையும் சொல்லுங்கள். குழந்தைக்கு இதனால் வலிக்காது. அழவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

மூட்டை அழுத்தி, தூக்கி, "டொக்"கென்று உள்ளே போகிறதா என்று பார்க்கும் சோதனையை 1937-இல் இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஓர்டோலானி விவரித்தார். அது பயிற்சி பெற்ற கைக்குரியது. வீட்டில் யாரும் முயலக் கூடாது.

ஒன்றரை மாத ஊசிக்கு வரும் நாளில், "இடுப்பைப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த வயதில் பந்து இன்னும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. 4 முதல் 6 மாதத்தில்தான் அதில் எலும்பு வைக்கத் தொடங்கும். அதுவரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வழி. சீக்கிரம் கண்டுபிடித்தால் பாவ்லிக் பட்டை என்னும் துணி வாரைச் சில வாரம் மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும். அது காலை மடக்கி விரித்து வைத்து, பந்தைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்தும். 6 மாதம் தாண்டினால் மயக்கம் கொடுத்து மாவுக்கட்டு, நடக்கிற வயது தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை.

நடக்கத் தொடங்கிய குழந்தை ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாலோ, வாத்து நடை நடந்தாலோ, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் நோய்களையும் கண்டறிய 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசுத் திட்டத்தில் இந்த இடுப்புக் குறையும் சேர்ந்திருக்கிறது. அங்கன்வாடிக்கு வரும் அந்த மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் அவர்களே மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது பிரசவச் சீட்டையும் ஸ்கேன் சீட்டையும் எடுத்துப்போங்கள், குழந்தை வயிற்றில் எப்படி இருந்தது என்று முதலில் கேட்பார்கள்.