ஒரே ஹெட்போன், இரண்டு தீர்ப்பு

விலையுயர்ந்த மூடிய வகை ஹெட்போன். எனக்கு அதில் பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) மெலிந்து, பாடகரின் 'ஸ' காதைக் குத்தியது. அதையே மாட்டிப் பார்த்த நண்பர், பாஸ் சற்று அதிகம் என்றார். ரசனை வேறுபாடு என்று விட்டுவிட மனமில்லை. பாஸ் இருக்கிறதா இல்லையா என்பதில் ரசனைக்கு என்ன வேலை?

வேறுபாடு என் மூக்குக்கண்ணாடியில் இருந்தது. மூடிய ஹெட்போனின் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிந்தால்தான் தாழ்ந்த ஒலிகள் தங்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டேன். கண்ணாடிக் காம்பை மெத்தைக்குள் செருகியதும் அது சட்டென்று மங்கியது. மென்மையான மெத்தையும் மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் வந்ததும் பாஸ் திரும்பியது.

குத்தல் மட்டும் போகவில்லை. உயர்ந்த அதிர்வெண்கள் எப்படிக் கேட்கும் என்பது காது மடலின் வடிவத்தையும் காதுத் துளையின் நீளத்தையும் பொறுத்தது. ஹெட்போனின் அளவீட்டு வரைபடங்களோ செயற்கைக் காதில் எடுத்தவை. என் காதில் அல்ல. சோதனை ஒலியின் அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 8 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி துருத்திக்கொண்டு நின்றது. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் 4 டெசிபெல் குறைத்தேன். மாற்றியதையும் மாற்றாததையும் ஒப்பிடும் முன் இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். 1 டெசிபெல் கூடினாலே அதுதான் சிறந்தது என்று காது ஏமாற்றிவிடும்.

இந்த அமைப்பு நண்பருக்கு மந்தமாகக் கேட்கிறதாம். அவருக்கென்று தனியாக ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறேன்.