மூணு மாசம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

குடியாத்தம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடமாக வேலை செய்கிறேன். தலைப்பிரசவத்துக்குப் பதிய வரும் பெண்கள், அவர்களுடைய மாமியார்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளை அப்படியே திரும்பச் செய்கிறார்கள். இன்றைக்குக் காலையிலும் ஒருத்தி வந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கனமான குடம் தூக்காதே, டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாள் தள்ளிப்போன மாதத்திலிருந்து எண்ணுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

"எத்தனை மாசம்மா?" என்று கேட்டால் "மூணு" என்பார்கள். படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கர்ப்பப்பை தொப்புளுக்குப் பாதி தூரம் ஏறியிருக்கும். அது 16 வாரம். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாதவிலக்கு வராமல் நின்ற மாதத்தை ஒன்று என்று வைத்து எண்ணுகிறார்கள். ஆனால் கணக்கு ஆரம்பிப்பது கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளில். அங்கிருந்து 280 நாள் பிரசவத் தேதி. நாள் தள்ளிப்போகிற அன்றைக்கே நாலு வாரம் ஓடிப்போயிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மூணு மாசம் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிற பழக்கம். கரு கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான். அப்படி ஏதாவது ஆனால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்கிற பயம் எனக்குப் புரிகிறது. சரி, சித்தி வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் சொல்லாதீர்கள். நர்ஸிடமும் ஏன் மறைக்கிறீர்கள்?

பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆவணி நடுவில் வந்தாள். மூணு மாசம் என்றாள். கடைசியாக மாதவிலக்கு முடிந்து எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய் என்றேன், தேதி ஞாபகம் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் நான் திருவிழாவை வைத்துக் கேட்பேன். "கெங்கையம்மன் சிரசுக்குப் போனியா?" "போனேன் நர்ஸம்மா, தலைக்கு ஊத்திக்கிட்டு சுத்தமாத்தான் போனேன்." சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அப்படியானால் மாதவிலக்கு வந்தது சித்திரைக் கடைசியில். எண்ணிப் பார்த்தால் 17 வாரம். மாமியார் பக்கத்திலேயே நின்றார். "ஆடி மாசத்துல எதுக்கு இதை வெளியே எடுக்கணும்னு இருந்துட்டோம் நர்ஸம்மா" என்றார்.

அந்த ஆடியில்தான் எல்லாம் போனது. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை ஒரு ஸ்கேன் உண்டு. குழந்தையின் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் நீர் எவ்வளவு என்று அளப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம், இதயக் கோளாறு போன்றவை இருக்க வாய்ப்பு உண்டு என்று மேற்கொண்டு பரிசோதிப்பார்கள். 14 வாரம் தாண்டினால் அந்த அளவுக்கு அர்த்தம் கிடையாது. ஐந்தாம் மாத ஸ்கேன் இருக்கிறதே என்பார்கள். அது பார்ப்பது வேறு. பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்கவும் இந்த ஆரம்ப ஸ்கேன்தான் நம்பகமானது. நாள் ஆக ஆக ஸ்கேன் சொல்லும் தேதியில் பிசகும் கூடும்.

ரத்தப் பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. முதல் மூன்று மாதம் வயிற்றுக் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பு தாயிடமிருந்துதான் வர வேண்டும். மூளை வளர அது தேவை. எட்டாம் வாரத்தில் வந்திருந்தால் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்திருக்கலாம். குழந்தை பிறந்து இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒன்பது வாரத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

பணமும் இதில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்காவிட்டால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே நாள் தள்ளியதும் சோதித்துப் பார்த்து, அந்த வாரமே வாருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்து, வேலூருக்கோ அடுக்கம்பாறைக்கோ போய் ஸ்கேனுக்குத் தேதி வாங்குவதற்கே நாள் பிடிக்கும். மாதவிலக்கு வந்த தேதியை வீட்டு நாட்காட்டியில் மாதாமாதம் சுழித்து வையுங்கள், கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே.

இரும்புச் சத்து மாத்திரையோடு டீ

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். நாலாம் மாதம் தொடங்கியதும் இரும்புச் சத்து மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள். இதை டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அதற்குப் பயந்து நிறுத்தியவர்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அட்டை அட்டையாக மாத்திரை கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மசக்கை நின்றதும் பதறுவது

12 வாரத்துக்கு மேல் வாந்தி குறைவது இயல்பு. குறையாமல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் அன்றைக்கே வாருங்கள். நம்ம ஊர் வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும்.

மடியில் பீடி முறம்

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். வாரக் கூலி அதில்தான் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். புகையிலைத் தூள் நிறைந்த முறத்தை மடியில் வைத்துக் காலையிலிருந்து குனிந்து சுற்றுகிறீர்கள். அந்த நிகோட்டின் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. அங்கிருந்து குழந்தைக்கும் போகிறது. முடிந்தால் பிரசவம் வரை விட்டுவிடுங்கள். முடியவே முடியாது என்றால் தூளைத் தொடாமல் இலை வெட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுவதை வேறு ஆள் செய்யட்டும். மற்றவர்கள் சுற்றுகிற அறையிலும் படுக்காதீர்கள்.

இரண்டு பேருக்குச் சாப்பிடுவது

வேண்டாம். நாலாம் மாதத்திலிருந்து ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் கூடச் சேர்ந்தால் போதும்.

ரத்தம் பட்டால் "படுத்துப் பார்க்கலாம்" என்பது

பார்க்காதீர்கள். அடிவயிறு வலித்தாலும் அப்படித்தான். ராத்திரி ஆனாலும் 108.