திறந்த இல்லத்துக்குச் சமைக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

திறந்த இல்லம் என்றால் பண்டிகைக்கு வீட்டைத் திறந்து வைத்து, வருகிற எல்லாருக்கும் சாப்பாடு போடுவது. தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானிலும் (குடியிருப்பிலும்) இந்தக் கேள்வி வந்துவிடும். புதிதாகக் கல்யாணம் ஆன பிள்ளையோ, தனிக்குடித்தனம் வந்த தம்பியோ, "அக்கா, ஐம்பது பேருக்கு ஆட்டுப் பெரட்டல் செய்யணும், எத்தனை கிலோ போடட்டும்?" என்று கேட்பார்கள். நான் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைக்கிறவள். கிலோ கணக்கு சொல்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் நேராகக் கிலோவுக்கு வந்துவிடுகிறார்களே, அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. உப்பு கூடுவது, அடி பிடிப்பது, சோறு குழைவது இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. இரண்டு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

ஒரு கிலோ அளவை எட்டால் பெருக்குவது

இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு பிள்ளை, முதல் தீபாவளித் திறந்த இல்லம், எட்டுக் கிலோ ஆடு வாங்கி வைத்திருந்தாள். போனில் பார்த்த வீடியோவில் ஒரு கிலோவுக்கு இரண்டு கப் தண்ணீர், அதனால் இவள் பதினாறு கப். வெங்காயம், தக்காளி, அரைத்த காய்ந்த மிளகாய் எல்லாமே எட்டு மடங்கு, எல்லாம் ஒரே பெரிய சட்டியில், வீட்டுக் கேஸ் அடுப்பில். காலையில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, தண்ணி கூடிப் போச்சு லா, என்ன செய்றது?" என்கிறாள். போய்ப் பார்த்தால் வெங்காயம் வெள்ளையாகவே மிதக்கிறது, எண்ணெய் பிரியவே இல்லை, கறி வெந்து நார் நாராகக் கழன்றுகொண்டிருக்கிறது. நான் போவதற்குள் கெட்டியாக்க வேண்டும் என்று பச்சை மசாலைத் தூளை அள்ளிப் போட்டு, அதுவும் போதாமல் சோளமாவையும் கரைத்து ஊற்றியிருந்தாள். அவள் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வந்தவர்கள் நல்ல மனசோடு தட்டில் வாங்கினார்கள், உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை ஓரமாக ஒதுக்கினார்கள். ஆட்டிறைச்சி விற்கிற விலைக்கு அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை செய்யமாட்டீர்கள். சட்டியின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே எட்டு மடங்கு கொள்ளும், ஆனால் வாய்ப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். ஆவி போவது அந்த வாய் வழியாகத்தான். அடுப்போ அதே அடுப்பு, தீயும் அதே தீ. அதனால் ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நிற்கும். போதாததற்கு இங்கே நிறைய வீடுகளில் வாங்குவது ஆஸ்திரேலியாவிலிருந்து ஐஸில் வருகிற ஆடு. ஐஸ் கரையும்போது அந்தக் கறி தன் பங்குக்கு நிறையத் தண்ணீர் விடும். சட்டியில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வெங்காயமும் மசாலையும் நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்குப் பக்கத்திலாவது போக வேண்டும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் அது அவியுமே தவிர வதங்காது.

"பாட்டி காலத்தில் கல்யாணத்துக்கே ஒரே சட்டியில்தானே செய்தார்கள்" என்பார்கள். செய்தார்கள், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே கல் கூட்டி, பால்மரம் என்கிற ரப்பர் மரக் கட்டையை அடுக்கி, அடிப்பாகம் முழுக்க நெருப்புப் படும்படி. கூடவே கிளற நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். அந்தத் தீ உங்கள் அடுப்பில் இல்லை.

அப்புறம் எப்படித்தான் செய்வது? வெங்காயத்தை இரண்டு மூன்று ஈடாகப் பிரித்து, அகலமான குவாலியில் (வாணலியில்) முதல் நாளே வதக்குங்கள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு, மிளகாய் விழுது, மசாலைத் தூள் எல்லாம் போட்டு எண்ணெய் நன்றாகப் பிரியும் வரை விட்டு, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கறியைத் தனியாக, குக்கரில் தண்ணீர் ஊற்றாமலோ கொஞ்சமாகத் தெளித்தோ, ஈடு ஈடாக வேகவையுங்கள். மறுநாள் காலையில் வேண்டிய அளவுக்கு மசாலையையும் கறியையும் சேர்த்துப் பெரட்டினால் போதும்.

வேண்டிய அளவுக்கு என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடாதீர்கள்.

ஆள் கணக்கை நம்புவது

ஐம்பது பேர் வருவதாகச் சொன்னால் ஐம்பது பேர் வரமாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும், மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். வருகிறேன் என்று மூன்று தடவை போன் செய்தவர் வரமாட்டார். சொல்லவே சொல்லாதவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். எல்பில் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள், இப்போது கிள்ளானில் இருப்பவர்கள், பழைய முகங்களைப் பார்க்க வந்தவர்கள். "சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்" என்பார்கள். நம்பாதீர்கள். தட்டைக் கையில் கொடுங்கள், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார்கள், பழைய மண்டோர் (கங்காணி) கதையிலிருந்து எல்லாம் பேசுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த மசாலையில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கச் சொல்கிறேன். அதில் கோழியைப் போட்டால் அரை மணி நேரத்தில் கறி. அவித்த முட்டையைப் போட்டால் இன்னும் சீக்கிரம். ஒரு சார்டின் டின் இருந்தாலும் பெரிய வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கௌரவமாகப் பரிமாறலாம். ஆட்டை மட்டும் அவசரத்துக்கு நம்பக்கூடாது, அது நம் அவசரத்துக்கு வேகாது.

மீந்த குழம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். தூரத்திலிருந்து வந்தவருக்கு எல்லாரையும்விடச் சப்பென்ற சாப்பாடு போய்ச் சேருகிறது.

தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்க விடுவது

பிரிந்துவிடும். கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள்.

மத்தியானச் சட்டியிலிருந்து ராத்திரி தாப்பாவ் (பொட்டலம்) கட்டுவது

வேண்டாம், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் காலை பத்து மணியிலிருந்து மேசைமேல் இருந்த சோற்றையும் கறியையும் ராத்திரி சூடு காட்டிக் கட்டிக் கொடுப்பது பிள்ளைகளையும் வயசானவர்களையும் படுக்கையில் தள்ளிவிடும். ஆறிப்போன சோற்றில் வளர்கிற ஒரு கிருமி விடும் விஷம் மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. கட்டிக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் அதற்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து, ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவைத்துச் சீக்கிரமே குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

தந்தூரிக்கு, கேக்குக்கு என்று புதுசாக ஒன்றை அன்றைக்கே முயற்சி செய்வது

செய்யாதீர்கள்.

யார் வருகிறார்கள் என்று கேட்காமல் இருப்பது

மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்ததுமே, "ஆடு, கோழி எல்லாம் ஹலால் கடையில் வாங்கியது" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், கேட்காமல் சாப்பிடவும் முடியாது, அதனால் முறுக்கை மட்டும் கடித்துவிட்டுப் போவார்கள். சீனர்களில் கருணைத் தெய்வமான குவான் யின்னைக் கும்பிடுகிறவர்கள் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், சிலர் சைவமே சாப்பிடுவார்கள்.

நம் ஆட்களைத்தான் நாமே மறந்துவிடுகிறோம். திறந்த இல்லத்தை வசதிக்காக அடுத்து வரும் சனி, ஞாயிறில் வைக்கிறீர்கள். தீபாவளி அமாவாசை முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்கி ஆறு நாள் ஓடும். அந்த வாரத்தில் வருகிற பெரியம்மாக்களில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். பெரட்டலையும் சம்பாலையும் மட்டும் பரப்பி வைத்துவிட்டு, "ஏன் சாப்பிடமாட்டேங்கிறீங்க பெரியம்மா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஒரு சாம்பார், ஒரு கூட்டு, நெத்திலி போடாத ஒரு பொரியல் தனியாகச் செய்யுங்கள். தனிக் கரண்டி போடுங்கள், கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு மேசையில் வையுங்கள். பால், பழம் மட்டும் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் சூடான பாலையும் கேட்காமலே கொண்டுபோய் வையுங்கள்.