மூட்டுவாதம் கண்ட மட்டக்குதிரையைப் பராமரிக்கும் முறை

உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த மட்டக்குதிரைகள், இனி வேலைக்கு உதவா என்று கைவிடப்பட்டுச் சாலையோரம் திரிவதுண்டு. அப்படி ஒன்றை மீட்டு வருபவர்கள் இரக்கத்தால் அதைக் கட்டிவைத்து ஓய்வு கொடுக்கிறார்கள். கொள்ளை அவித்து வயிறு நிறையப் போடுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு இவ்விரண்டுமே ஆகாதவை.

முதலில் நொண்டலைப் பாருங்கள். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஒருவர் குதிரையை மெதுவோட்டத்தில் கூட்டிவரட்டும். வலிக்கும் முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே எழும். கிளம்பும்போது விறைத்திருந்து, சற்று நடந்ததும் நடை இளகினால் மூட்டுவாதம் என்று ஐயுறலாம். ஆனால் குளம்பு சூடாக இருந்து, முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் அது லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். அதை நடத்தவே கூடாது, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அடுத்தது தீவனம். எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்குத் திடீரென்று தானியத்தை அள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், தொடக்க நாட்களில் உலர்புல்லைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள். தேறிய பின் உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உலர்தீவனம் போதும்; 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மூட்டின் மேல்தான் இறங்கும்.

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். காலை உயரத் தூக்காமல், தரைக்கு அருகிலேயே சிறிது நேரம் பிடித்து, இடையிடையே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நடமாட்டம். சரிவில்லாத அடைப்பில் பகல் முழுவதும் அவிழ்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியை ஒரு கோடியிலும் புல்லை மறுகோடியிலும் வைத்தால், யாரும் விரட்டாமலே அது நடந்துகொண்டிருக்கும். இரவில் காற்றும் ஈரமும் புகாத கொட்டிலில் தடிமனாக வைக்கோல் பரப்புங்கள். குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். எழும்போது வலிக்கும் என்று படுக்காமலிருக்கும் குதிரை தூக்கத்தில் முன்னங்கால் மடங்கிச் சரியும். முன்னங்கால் கணு மூட்டின் முன்புறம் சிராய்ப்பு தெரிந்தால் இதை நினையுங்கள்.

வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுங்கள்; இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006 முதல் தடைசெய்யப்பட்டது, ஏனெனில் அது செலுத்தப்பட்ட கால்நடையின் சடலத்தைத் தின்னும் பாறு கழுகுகள் மாண்டுபோகின்றன. நீலகிரியின் அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் அவை இன்னும் கூடு கட்டுகின்றன. மனிதருக்கு விற்கும் ஊசியைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.